காலணாவும் கால் கிலோவும்: யாருக்கு நட்டம்?

காலடிப்பேட்டையான்:
1957 ஏப்ரல் 1-ல், ரூபாய்க்கு 16 அணா என்ற பழைய கணக்குக்குப் பதிலாக ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கடைத்தெருவில் அது அன்றாடக் கூலிக்காரர் வயிற்றில்தான் அடித்தது என்பேன். ரூபாயில் 64-ல் ஒரு பங்கான காலணாவின் சரியான மதிப்பு 1.56 நயா பைசா. அரைக்கு மேல் போனால் முழுசாக்கு என்ற விதியால் அது 2 ஆனது. வெற்றிலை, புகையிலை, உப்பு என்று காலணா காலணாவாக வாங்குகிறவர், ஒரு ரூபாய்ச் சாமானுக்கு 64 தடவையில் 128 நயா பைசா கொடுத்திருப்பார்.

தராசுமுள்:
அண்ணே, பாதிக் கணக்கை விட்டுட்டீங்க. அதே விதியில ஒரணா 6.25-லேர்ந்து 6-ஆ இறங்குது. ரெண்டணா 12.5, சரிபாதியைத் தள்ளிடணும், ஆக 12. மூணணா மட்டும் 18.75-லேர்ந்து 19-ஆ ஏறுது. நாலணா சரியா 25. கூட்டிப் பாத்தா வாங்குறவர் பக்கம்தான் சாயுது. மாத்த வேண்டியதும் மொத்தத் தொகையைத்தான். நாலு காலணாச் சாமானைச் சேத்து வாங்கினா 6தான், 8 இல்ல.

காலடிப்பேட்டையான்:
சேர்த்து வாங்கக் கையில் காசு வேண்டுமே தம்பி. உப்பளக் கூலியும் மீன் பங்கும் வந்தால்தான் அடுப்பு எரியும். காலையில் தேயிலை, சாயங்காலம் எண்ணெய் என்று தனித்தனியாகத்தான் கடைக்குப் போவார்கள். உங்கள் அட்டவணை மாதச் சம்பளக்காரருக்கு நியாயமானது.

தராசுமுள்:
அதை ஒத்துக்கிறேன். காலணா வியாபாரத்துல நட்டம் நிஜம். அரையணா வாங்கினவருக்கு 3.12-க்கு 3, அங்கே நட்டமில்ல.

கழிமுகம்:
இரண்டு பேரும் காசையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய அடி எடையில் விழுந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வீசை என்ற பழைய எடை போய்க் கிலோ வந்தது. வீசை 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ. கால் வீசை என்றால் 350 கிராம். கால் கிலோ 250 கிராம்தான். "கால்" என்று கேட்டுப் பழகிய வாய் மாறவில்லை, பொட்டலம் மட்டும் நூறு கிராம் இளைத்தது.

சரியாக மாற்றும் வழி இதுதான்: வீசை விலையை ஏழால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் கிலோ விலை. வீசை ஏழணா புளி, கிலோ ஐந்தணா, அதாவது 31 நயா பைசா. கால் கிலோவுக்கு 8 கொடுத்தால் போதும். கால் வீசைக்கு வாங்கிய ஒன்றே முக்காலணாவை அப்படியே 11 ஆக்கி வாங்கிய கடையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 3 நயா பைசா போச்சு.

தராசுமுள்:
கணக்கு சரி, ஆனா பழைய அளவை ஒழுங்கா இருந்த மாதிரி பேசாதீங்க. சாமானை அளந்து கொட்டுற படிப் பாத்திரத்துல அடியை உள்பக்கம் தட்டி வெப்பாங்க, குவிச்சு அளக்குறதா தலை தட்டுறதாங்கிறதும் கடைக்காரர் கையில. கல்லுப்பைப் படியில கொட்டினா இடையில காத்துதான் நிக்கும். எடைக்கல்லுல முத்திரை இருக்கும், எவரும் பாத்துக் கேக்கலாம்.

கழிமுகம்:
உப்புக்கு அந்த வாதம் நிற்காது. பாத்தியில் வாரிய உப்பைக் குவித்து, கசப்பு நீர் வடியவிட வேண்டும். அது வடியாத உப்பில் மக்னீசியம் தங்கி, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எடை போட்டால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. ஈர உப்பை விற்கிறவருக்கு எடைதான் லாபம், படி அல்ல.

காலடிப்பேட்டையான்:
அப்படியானால் எண்ணூர் உப்பு வாங்கியவருக்குக் காசிலும் அடி, எடையிலும் அடி. என் வாதத்தில் நான் மாற்றிக்கொள்வது ஒன்றுதான்: நாணயத்தைவிடக் கிலோவை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.