துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனையை ஏற்றினால் சூடு குறையுமா?

டாலஸ் செந்தில்:
ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இங்கே அதே பேச்சுதான், "தடை பண்ணு, தடை பண்ணு". அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தருகிற இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் இருக்கும்வரை தடை எல்லாம் நடக்காது, அதை விட்டுவிட்டு நடக்கிற காரியத்தைப் பேசுவோம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறவனைப் பிடித்தால் பேரம் பேசாமல் நீண்ட காலம் உள்ளே தள்ள வேண்டும். விர்ஜினியாவின் ரிச்மண்ட் நகரத்தில் 1997-இல் 'எக்ஸைல்' திட்டம் என்று இதைச் செய்து பார்த்தார்கள். முன்பே குற்றத் தண்டனை வாங்கியவன் துப்பாக்கியோடு சிக்கினால் மாநில நீதிமன்றம் கிடையாது, நேராக ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம், ஐந்து வருஷம், பரோலும் இல்லை. நகரப் பேருந்து ஒன்றையே கறுப்பாக அடித்து அதில் இந்தத் தண்டனையை எழுதி ஊரெல்லாம் ஓடவிட்டார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் இருக்கிற ஊரில் 1997-இல் ஏறக்குறைய 140 கொலை, 1998-இல் 94. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மலர்விழி:
செந்தில் அண்ணா, திட்டம் ஆரம்பித்தது 1997 பிப்ரவரியில். அந்த வருஷம் ரிச்மண்டில் கொலை குறையவில்லை, முந்தைய வருஷத்தைவிட நன்றாகவே ஏறியது. நீங்கள் அந்த உச்சத்திலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறீர்கள், உச்சத்திலிருந்து எண்ணினால் எதுவும் சரிவாகத்தான் தெரியும். ராஃபேல், லுட்விக் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைத்தான் 2003-இல் எழுதினார்கள்: கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருள் பரவிய காலத்தில் எந்த நகரங்களில் கொலை அதிகமாக ஏறியதோ அந்த நகரங்களில்தான் பிறகு அதிகமாக இறங்கியது, எக்ஸைல் இருந்த ஊரிலும் சரி, இல்லாத ஊரிலும் சரி.

டாலஸ் செந்தில்:
ஒரு ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? ரோசன்ஃபெல்ட் என்ற ஆய்வாளரும் அவர் கூட இருந்தவர்களும் 2005-இல் மற்ற பெரிய நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ரிச்மண்டில் துப்பாக்கிக் கொலை வேகமாகத்தான் குறைந்தது என்றார்கள். அதையும் சொல்லுங்கள்.

மலர்விழி:
சொல்கிறேன், அதில் என்ன. அவர்கள் அதே கட்டுரையில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நடந்த வேறு திட்டங்களையும் பார்த்து, அங்கே தெளிவான பலன் தெரியவில்லை என்றார்கள். ஆக உங்கள் பக்கத்தில் ஒரு ஊர் இருக்கிறது, அதிலும் சண்டை இருக்கிறது.

ஜூரோங் குமரன்:
அமெரிக்கக் கதையை விடுங்கப்பா. சிங்கப்பூரில் ஆயுதக் குற்றச் சட்டம் 1973-இல் வந்தது. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால், சுட முயன்றாலே, தூக்கு. குண்டு யார் மேலும் படாவிட்டாலும் தூக்குதான். கூடப் போனவன் தடுக்க முயன்றதை நிரூபிக்காவிட்டால் அவனுக்கும் அதே கதி. சும்மா வைத்திருந்தாலே ஐந்திலிருந்து பத்து வருஷம், குறைந்தது ஆறு பிரம்படி. அறுபதுகளில் இங்கே கடத்தல்காரனும் கொள்ளைக்காரனும் துப்பாக்கியோடு திரிந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். இப்போது என் பிள்ளைகள் போலீஸ்காரர் இடுப்பில் தவிர வேறெங்கும் துப்பாக்கியைப் பார்த்ததில்லை.

ஈப்போ மாறன்:
குமரன், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சின்ன சந்தேகம். மலேசியாவில் இதே மாதிரிச் சட்டம் உங்களுக்கு இரண்டு வருஷம் முன்னால், 1971-இலேயே வந்துவிட்டது, அதிலும் கட்டாய மரண தண்டனை இருந்தது. அப்படியிருந்தும் 2013-இல் இங்கே வரிசையாகத் துப்பாக்கிச் சூடு, கோலாலம்பூரில் வங்கி நிறுவனர் ஒருவரைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். தூக்குக் கயிறு இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், வித்தியாசம் எல்லைதான். உங்களுக்குக் கடலும் இரண்டு பாலமும், எங்களுக்குத் தென் தாய்லாந்தோடு காடும் கோலோக் ஆறும். சாமான் அந்த வழியாக வருகிறது. 2023-இல் இங்கே கட்டாய மரண தண்டனையையே எடுத்துவிட்டார்கள், இப்போது நீதிபதி விருப்பம்.

ஜூரோங் குமரன்:
எல்லையைக் காவல் காப்பதும் கடுமைதானே மாறன்? இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க நாங்கள் தயாராக இல்லை.

கோர்ட் வாசல்:
சென்னையிலிருந்து வழக்கறிஞர். இந்தியாவிலும் இந்த ஆசை வந்தது, அது யாருக்கும் நினைவில்லை. ஆயுதச் சட்டத்தில் 27(3) என்று ஒரு பிரிவு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தி யாராவது இறந்தால் மரண தண்டனை கட்டாயம். நீதிபதி சூழ்நிலையைப் பார்க்கவே கூடாது. 2012-இல் உச்ச நீதிமன்றம் தல்பீர் சிங் வழக்கில் அதை ரத்து செய்தது. பிறகு 2019 திருத்தத்தில் சட்டவிரோதத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் குறைந்தபட்சம் மூன்று வருஷம் என்றிருந்ததை ஏழாக்கி, அதிகபட்சத்தை ஆயுள் வரை கொண்டு போனார்கள், கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதைக்கூட குற்றமாக்கினார்கள். இதனால் பீகாரின் முங்கேரில் கட்டா என்ற நாட்டுத் துப்பாக்கி செய்கிற பட்டறைகள் மூடிவிட்டனவா? போலீஸ் இன்னமும் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்று, கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை வந்தால் அதிகாரம் நீதிபதி கையை விட்டு அரசு வழக்கறிஞர் கைக்குப் போய்விடும், எந்தப் பிரிவில் வழக்கு போடுவது என்பதிலேயே தண்டனை முடிந்துவிடுகிறது. ஃபுளோரிடாவில் 1999-இல் '10-20-ஆயுள்' சட்டம் போட்டார்கள். துப்பாக்கியை எடுத்தால் 10, சுட்டால் 20, யாருக்காவது பட்டால் 25 முதல் ஆயுள். ஜாக்சன்வில்லில் ஒரு பெண், அடிக்கிற கணவனை மிரட்டச் சுட்டதாகச் சொன்னவள், யாருக்கும் காயமில்லை, 20 வருஷம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் 2013-இல் ரத்தானது, அதற்குள் ஊரே கொதித்தது. 2016-இல் ஃபுளோரிடா சட்டமன்றமே இப்படிப்பட்ட தாக்குதல் வழக்குகளை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

டாலஸ் செந்தில்:
சார், ஒரு தவறான வழக்கை வைத்துச் சட்டத்தையே தூக்கிப் போட முடியாது. எளிய கேள்வி: சிறைக்குள் இருக்கிறவன் வெளியே யாரையாவது சுட முடியுமா? முடியாது. பயம் வந்ததோ இல்லையோ, அந்த ஐந்து வருஷம் அந்தத் தெருவுக்கு நிம்மதி.

மலர்விழி:
முதல் ஐந்து வருஷத்துக்கு அது சரி. இருபதாவது வருஷத்துக்கு? சுடுகிறவர்களில் பெரும்பாலோர் பதினேழு, பதினெட்டிலிருந்து முப்பதுக்குள். நாற்பத்தைந்து வயதானவனை உள்ளே வைத்துச் சோறு போட்டுத் தடுப்பது எந்தக் கொலையை? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2014-இல் சொன்னதும் அதுதான், நீண்ட தண்டனையை இன்னும் நீட்டினால் கிடைக்கிற பயன் சொற்பம். பயப்பட வைப்பது மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம். 2021, 2022-இல் அமெரிக்காவில் நடந்த கொலைகளில் ஏறக்குறைய பாதிக்குக் குற்றவாளியே பிடிபடவில்லை. இரண்டில் ஒருவன் தப்புகிறான் என்று தெரிந்தவனிடம் 20 வருஷம் என்றால் என்ன, 40 என்றால் என்ன?

அப்புறம், 2021-இல் அங்கே துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,000-க்கு மேல் தற்கொலை. அவர்களை எந்தச் சிறையைக் காட்டி மிரட்டுவது?

திருநெல்வேலி சங்கர்:
துப்பாக்கி இல்லாவிட்டால் அரிவாள், இதெல்லாம் மனுஷன் புத்தி. எங்கள் பக்கம் கூலிப்படை அரிவாளோடும் நாட்டு வெடிகுண்டோடும்தான் வருகிறது. குண்டர் சட்டத்தில் போடுகிறார்கள், ஒரு வருஷத்தில் வெளியே வருகிறான். குற்றம் குறைந்தமாதிரித் தெரியவில்லை.

கோர்ட் வாசல்:
சங்கர், குண்டர் சட்டம் தண்டனையே இல்லை, தடுப்புக் காவல். அதை இங்கே இழுக்க வேண்டாம். அரிவாளும் துப்பாக்கியும் ஒன்றல்ல. சிம்ரிங் என்ற ஆய்வாளர் 1960-களில் சிகாகோ வழக்குகளை எடுத்துப் பார்த்தபோது, துப்பாக்கித் தாக்குதலில் ஆள் சாகிற வாய்ப்பு கத்தியைவிட சுமார் ஐந்து மடங்கு. புத்தி அதேதான் இருந்தாலும் பிணம் குறையும்.

மலர்விழி:
பாஸ்டனில் 1996-இல் செய்தது வேறு மாதிரி. கும்பல் பையன்களை ஒரு அறைக்கு அழைத்து, போலீஸ், அரசு வழக்கறிஞர், தேவாலயப் போதகர், சமூகப் பணியாளர் எல்லாரும் எதிரே உட்கார்ந்து நேருக்கு நேர் சொன்னார்கள்: உங்கள் கும்பலில் ஒருவன் சுட்டாலும் மொத்தக் கும்பலும் எங்கள் கவனத்துக்கு வரும், வேலை, படிப்பு வேண்டுமென்றால் உதவி இதோ. ரோசன்ஃபெல்டுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டாலும், இளைஞர் கொலை மாதத்துக்குச் சராசரி 63 சதவீதம் குறைந்ததாக வேறொரு ஆய்வு சொன்னது. சட்டப் புத்தகத்தில் ஒரு வருஷம்கூட ஏற்றவில்லை.

டாலஸ் செந்தில்:
அந்த அறையில் மேஜைக்கு அடியில் என்ன இருந்தது மலர்? ஃபெடரல் சிறை. வழிக்கு வராதவனுக்கு நீண்ட தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைக் காட்டித்தானே மற்றவர்களை வழிக்குக் கொண்டு வந்தார்கள்.

மலர்விழி:
காட்டினார்கள், ஆனால் நாலைந்து பேரை. உங்கள் யோசனை எல்லாரையும் உள்ளே போடுவது. சரி, நீங்களே சொல்லுங்கள், 2020-இல் அமெரிக்காவில் கொலை ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறியது, அந்த வருஷம் ஃபெடரல் துப்பாக்கிச் சட்டத்தில் எந்தத் தண்டனை குறைந்தது?

டாலஸ் செந்தில்:
எதுவும் குறையவில்லை. போலீஸ் ஒதுங்கி நின்றது, நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தன, பிடிக்க ஆளில்லை.

மலர்விழி:
பிடிக்க ஆளில்லாததால் ஏறியது என்று நீங்களே சொல்கிறீர்கள் அண்ணா. அப்படியானால் காசைச் சிறைக்குக் கொடுக்காமல் துப்பறிகிற ஆட்களுக்குக் கொடுங்கள்.

டாலஸ் செந்தில்:
கொடுக்கலாம். பிடித்துக் கொண்டு வந்த பிறகு அவனை எங்கே வைப்பது, உங்கள் வீட்டுத் திண்ணையிலா? 2022-இல் முன்குற்றவாளி துப்பாக்கி வைத்திருந்தால் அதிகபட்சம் 10 வருஷம் என்பதை 15 ஆக்கினார்கள், 2023-லும் 2024-லும் கொலை நன்றாகக் குறைந்தது. அதையும் தற்செயல் என்பீர்கள்.

மலர்விழி:
அதே சட்டத்தில்தான் 21 வயதுக்குக் கீழே துப்பாக்கி வாங்குகிறவர்களைக் கூடுதலாகச் சரிபார்க்கச் சொன்னார்கள், தெருவில் சமாதானம் செய்கிற குழுக்களுக்குப் பணமும் ஒதுக்கினார்கள். அந்த 15-ஐ மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள், பேசலாம்.