நம் மினி டிராக்டருக்கு பார்க்கிங் பிரேக் விளக்கு வைத்தாயிற்று

அனைவருக்கும் வணக்கம்.

வைகாசியில் நம் ஊர்ச் சங்கத்து மினி டிராக்டரின் பிரேக் கருகிப்போய் ரூ. 16,000 செலவானது எல்லோருக்கும் நினைவிருக்கும். பார்க்கிங் பிரேக்கை எடுக்காமலே ஓட்டிவிட்டான் என்று அப்போது டிரைவர் தம்பியைக் குறைசொல்லி வந்த மடல்களைப் படித்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஆடி விடுப்பில் ஊருக்குப் போனபோது வண்டியை நானே நாலு நாள் ஓட்டினேன். முதல் நாளே தெரிந்துவிட்டது, அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் பிரேக் கருகித்தான் இருக்கும்.

ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலது காலடியில் இரண்டு பிரேக் பெடல்கள் இருக்கும். கொண்டியால் இரண்டையும் சேர்த்து மிதித்து, பக்கத்திலுள்ள சின்ன லீவரைப் போட்டால் பெடல் மேலே வராமல் நின்றுகொள்ளும். பார்க்கிங் பிரேக் என்பது அவ்வளவுதான். எடுக்க வேண்டுமென்றால் பெடலை மறுபடி அழுத்தி மிதிக்க வேண்டும். அந்த லீவர்தான் லாக். அது முழுசாக விடுபடாமல் பல்வரிசையின் கடைசிப் பல்லில் மாட்டிக்கொண்டால் பெடல் முக்கால்வாசி மேலே வந்துவிடும். குனிந்து பார்த்தால்கூட விட்டுவிட்டது போலத்தான் இருக்கும்.

கார் என்றால் இழுவையிலேயே தெரிந்துவிடும். டிராக்டர் அப்படியில்லை. 24 குதிரைத்திறன்தான் என்றாலும் லோ கியரில் அதன் இழுவை பெரிது, பாதி பிடித்திருக்கும் பிரேக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அன்று பின்னால் டிரெய்லர் நிறைய எரு. எஞ்சின் முக்கினால் பாரத்தால் முக்குகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நம் வண்டியின் பிரேக் தட்டுகள் எண்ணெய்க்குள் முழுகிக் கிடப்பவை. தீய்ந்த வாடை சட்டென்று வெளியே வராது. வந்தபோது எண்ணெய் கறுத்து, தட்டுகளின் பூச்சும் போய்விட்டிருந்தது.

கார்களில் ஹேண்ட் பிரேக் போட்டால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதே, அது நம் டிராக்டரில் இல்லை. அதைத்தான் வைத்தேன். மேலத்தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் கூடவே இருந்தார். மொத்தச் செலவு ரூ. 400-க்குள்.

முதலில் செய்தது தோற்றுப்போனது. பைக்கின் பின் பிரேக்கில் ஸ்பிரிங்கோடு ஒரு சுவிட்ச் வருமே, அதை வாங்கி லீவரில் மாட்டினோம். இழுத்தால் எரியும், விட்டால் அணையும். கொட்டகையில் அருமையாக வேலை செய்தது. மூன்று நாள் சேற்றுழவுக்குப் போய்விட்டு வந்தது வண்டி. நான்காம் நாள் லாக்கை எடுத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கின் சுருளுக்குள் சேறு புகுந்து, காய்ந்து, ஓட்டு வில்லை மாதிரி இறுகியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நகரும் பாகம் எதுவும் அந்த இடத்தில் நிலைக்காது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் கதவு அலாரத்துக்கு விற்கிற காந்த சுவிட்சுக்கு மாறினோம். இரண்டு பிளாஸ்டிக் கட்டிகள், ஒன்றில் காந்தம், மற்றதில் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த மெல்லிய இரண்டு தகடுகள். காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். சேறு பூசினாலும் தண்ணீர் அடித்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. காந்தத்தை லாக் லீவரில் ஒட்டி மேலே கேபிள் டை கட்டினோம். சுவிட்சை லீவருக்கு எதிரே பிராக்கெட்டில் வைத்தோம். பிராக்கெட் இரும்பு, அது காந்தத்தின் இழுப்பைத் தின்றுவிடும். அதனால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொடுத்த பிறகுதான் சரியாக வேலை செய்தது. லீவர் கடைசிப் பல்லில் நின்றாலும் விளக்கு எரிய வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க லீவரை ஒவ்வொரு பல்லாக நகர்த்தி ஒரு மணி நேரம் பார்த்தோம். இந்த வேலையில் கவனம் வேண்டிய இடம் இதுதான். முழுசாகப் போட்டால் மட்டும் எரிகிற விளக்கை வைத்து நமக்குப் பயனில்லை.

பெடலில் மாட்டினால் சுலபமாயிற்றே என்று அண்ணன் கேட்டார். பெடலில் மாட்டினால் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் எரியும். இரண்டு நாளில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பஸ்ஸர் வைக்கலாம் என்று சிலர் சொன்னதற்கும் இதே பதில்தான். வண்டியை நிறுத்திவைத்து பி.டி.ஓ.வில் (எஞ்சின் சுழற்சியை மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) பம்ப் ஓட்டும்போது பார்க்கிங் பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும். மணிக்கணக்கில் கத்தினால் யாராவது வயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

கரண்டை பேட்டரியிலிருந்து நேராக எடுக்கவில்லை. வண்டி நிற்கும்போதுதான் பிரேக் போட்டிருப்போம், அப்போது விளக்கு இரவு பகலாக எரியும். ஒரு எல்.இ.டி. 18 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும் மாதம் முழுக்க நின்றால் 13 ஆம்பியர்-மணி போய்விடும். அதனால் சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற மீட்டர் வயரிலிருந்து எடுத்து, 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம். எல்.இ.டி.க்கு முன்னால் 680 ஓம், அரை வாட் ரெசிஸ்டர். சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட் வரும், அதையும் கணக்கில் வைத்த அளவு இது. சாதாரண பல்பு போட வேண்டாம். எரியத் தொடங்கும் நொடியில் அது இழுக்கும் கரண்டில் காந்த சுவிட்சின் தகடுகள் ஒட்டிக்கொண்டுவிடும்.

சுவிட்சை எர்த் பக்கம், அதாவது விளக்குக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவில், வைத்ததற்கும் காரணம் உண்டு. விளக்கிலிருந்து காலடிக்கு இறங்கும் வயர்தான் உரசித் தேயும். தேய்ந்து பாடியில் பட்டால் விளக்கு அணையாமல் எரியும், அவ்வளவுதான். எதுவும் கருகாது, பழுது என்றும் உடனே தெரிந்துவிடும். வயரை சைலன்சர் பக்கம் விடாமல் ஸ்டியரிங் தூண் வழியாக நெளிவுக் குழாய்க்குள் இறக்கியிருக்கிறோம். ஸ்டார்ட்டர் வயர்களை நாங்கள் தொடவே இல்லை, இனி வேலை பார்ப்பவர்களும் தொட வேண்டாம்.

விளக்கைச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வண்டியை எடுக்கும்போது எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். உச்சிவெயிலில் சிவப்பு தெரியவில்லை. அரை இஞ்ச் பைப்பில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்துக் குல்லா மாதிரி மாட்டிய பிறகு நடுப்பகலிலும் தெரிகிறது. தம்பி சாவியைத் திருப்பினான், விளக்கு எரிந்தது. பெடலை ஓங்கி மிதித்தான், அணைந்தது. மறுபடி போட்டான், எடுத்தான். ஏழெட்டு முறை செய்து பார்த்துவிட்டு, "முன்னாடியே இது இருந்திருந்தா நான் அந்தப் பேச்செல்லாம் கேட்டிருக்க வேண்டாம்ங்கண்ணா" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விளக்கு எரிந்தால் லாக் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், பிரேக் வண்டியைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்பதை விடக்கூடாது. சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடும் இடம் அது.

மீதி இருக்கும் ஒரு ஜோடி காந்த சுவிட்சும் ஃபியூஸ்களும் சங்கக் கட்டட பீரோவில் நீல டப்பாவில் இருக்கின்றன. துபாய் அண்ணன் அடுத்த மாதம் ஊருக்குப் போவதாகச் சொன்னார். போனதும் லாக்கைக் கடைசிப் பல்லில் வைத்து, சாவியைத் திருப்பி, விளக்கு எரிகிறதா என்று பார்த்து ஒரு படம் அனுப்புங்கள் அண்ணா. காந்தம் ஒட்டிய இடமும் படத்தில் தெரியட்டும். மழைக்குப் பிறகு பசை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.