ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளை வைத்து டெவலப்மென்ட் ஸ்டடீஸில் பிஎச்.டி. வாங்க முடியுமா?

கேள்வி: நீர்முள்ளி

நூறு நாள் வேலைத் திட்டம் குறித்து 2016 முதல் 2023 வரை வெளிவந்த என் எழுத்துகள் மொத்தம் 7. ஜர்னல் கட்டுரை 4 (இரண்டில்தான் முதல் ஆசிரியர்), தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயம், தொண்டு நிறுவனத்துக்கு எழுதிய மதிப்பீட்டு அறிக்கை 2. முதுகலை உண்டு, நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) இல்லை. புதிதாகக் களப்பணி செய்யாமல் இவற்றையே வைத்து பிஎச்.டி. பெற இந்தியாவில் வழி உண்டா, பிரிட்டனில்தானா? அங்கே வாங்கினால் இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்குச் செல்லுமா?

பதில்: ஏரிக்கரை

இந்தியாவில் இல்லை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கோர்ஸ் ஒர்க், அதாவது வகுப்புப் பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். எத்தனை கட்டுரை கையில் இருந்தாலும் இதிலிருந்து விலக்கு கிடையாது. வேலையில் இருப்பவர் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் சேரலாம், அவ்வளவுதான். "வெளியீடுகளுக்கு டி.லிட். தருகிறார்களே" என்று யாராவது சொல்வார்கள். அது பொதுவாக பிஎச்.டி. முடித்தவர்களுக்கு.

பிரிட்டனில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு வழிகள் ஓடுகின்றன. ஒன்று, பதிவு செய்தபின் கட்டுரைகள் எழுதி, முன்னுரை, முடிவுரையோடு கோத்துக் கொடுப்பது. இது வழக்கமான 3, 4 ஆண்டுப் படிப்புதான். நீங்கள் கேட்பது மற்றது: பதிவுக்கு முன்பே வெளிவந்தவற்றைச் சமர்ப்பிப்பது. பல்கலைக்கழக இணையப் பக்கங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் விண்ணப்பிக்கிறார்கள்.

இரண்டாவது வழியைப் பல இடங்களில் சொந்த ஊழியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் மட்டுமே திறந்து வைத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் சிறப்பு விதிகளின் கீழ் இது உண்டு, ஆனால் அங்கே பட்டம் பெற்றவர்களுக்குத்தான். அதனால் முதல் மின்னஞ்சலிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: வெளியாள் விண்ணப்பிக்கலாமா, எத்தனை ஆண்டுக்குள் வந்த வெளியீடு செல்லும், நிபுணர் மதிப்பாய்வு இல்லாத அறிக்கைகளை எண்ணுவார்களா. கட்டுரைப் பட்டியலை அதற்கப்புறம் அனுப்பினால் போதும்.

பதில்: தாழம்பூ

பிரிட்டனில் அந்த இரண்டாவது வழியின் நடைமுறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். சுயவிவரம், வெளியீட்டுப் பட்டியல், ஓரிரு பக்க விளக்கம் கொடுத்தால், துறைக்குழு முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பிறகு பதிவு, பெரும்பாலும் 6 முதல் 12 மாதம். பழைய அர்த்தத்தில் கைடு கிடையாது, ஓர் ஆலோசகர் இருப்பார். அந்தக் காலத்தில் நீங்கள் எழுத வேண்டியது விமர்சன உரை, அதாவது வெளியீடுகளை ஒரே வாதமாக இணைத்து மதிப்பிடும் எழுத்து. பெரும்பாலும் 10,000 முதல் 15,000 சொல். அதோடு வெளியீடுகளைச் சேர்த்துச் சமர்ப்பித்தபின் வைவா (வாய்மொழித் தேர்வு).

விண்ணப்பங்கள் படுப்பது இந்த உரையில்தான். கட்டுரைக்கு இரண்டு பக்கமாகச் சுருக்கம் எழுதி ஒட்டிவிட்டால் தேறாது. அச்சில் வந்ததைத் திருத்தச் சொல்லத் தேர்வாளருக்கு வழியில்லை; அவருடைய கேள்வி எல்லாம் உரையின் மேல்தான் விழும். கட்டுரைகளில் உள்ள ஓட்டைகளை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. தொண்டு நிறுவனம் வேலை செய்த ஒன்றியம் என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது முடிவுகளை எப்படிச் சாய்த்தது, அரசு இணையதள எண்ணிக்கையும் களக் கணக்கெடுப்பும் எங்கே முரண்பட்டன, இதெல்லாம் உரையில் வர வேண்டும்.

ஏழையும் வைக்காதீர்கள். ஒரே கேள்வியில் நிற்கும் நான்கைந்து போதும். உங்கள் காலகட்டத்திலேயே சரடு கிடைக்கிறது. காகித மஸ்டர் ரோலில் வருகைப் பதிவு நடந்த காலத்தில் உங்கள் கட்டுரைகள் தொடங்குகின்றன. 2023 ஜனவரியில் கைப்பேசிச் செயலிப் பதிவு கட்டாயமானது. பதிவுமுறை மாறியபோது தொழிலாளி, பணித்தளப் பொறுப்பாளர், ஒன்றிய அலுவலகம் ஆகியோரில் அதிகாரம் யார் கைக்குப் போனது? கட்டுரைகள் இதற்குத் தனித்தனியாகச் சொல்லாத ஒரு பதிலைச் சேர்ந்து சொன்னால்தான் பிஎச்.டி. 'வேலை உறுதித் திட்டத்தின் பல்வேறு அம்சங்கள்' என்பது தலைப்பே இல்லை.

பதில்: கருவேலம்

காகித வேலை பற்றி. கூட்டு ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் உங்கள் பங்கைக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். "60 சதவீதம்" என்று மட்டும் எழுதினால் 'எதில்?' என்று கேட்பார்கள். ஆசிரியர்களில் யார் என்ன செய்தார் என்று குறிக்கும் கிரெடிட் (CRediT) வகைப்பாட்டில் உள்ள 14 பங்குகளின்படி, திட்டமிடல், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, முதல் வரைவு என்று பிரித்து எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வேலை மாறிப் போனவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. முதல் ஆசிரியராக இல்லாத கட்டுரை ஏற்கெனவே இன்னொருவர் ஆய்வேட்டில் போயிருந்தால் அதைத் தொடாமல் விடுவதே மேல்.

மதிப்பீட்டு அறிக்கைகளின் பதிப்புரிமை பெரும்பாலும் பணம் கொடுத்தவரிடம் இருக்கும். எழுத்து அனுமதி இல்லாமல் பின்னிணைப்பாகக்கூட வைக்க முடியாது. உரையில் மேற்கோளாகக் காட்டினால் போதும். ஜர்னல் கட்டுரைக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. உதாரணமாக, எல்செவியர் தன் ஆசிரியர்களை ஆய்வேட்டில் கட்டுரையைச் சேர்க்க அனுமதிக்கிறது. பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் எந்த வடிவம் ஏறலாம் என்பதைத் தனியாகப் பாருங்கள்.

களப்பணிக்கு முன் வாங்க வேண்டிய ஆய்வு நெறிமுறை ஒப்புதல் இன்னொரு கண்ணி. பின்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள். அன்று நிறுவனக் குழு இல்லை என்றால், சம்மதம் எப்படிப் பெற்றீர்கள், தரவு எங்கே இருக்கிறது, கிராமப் பெயரை மறைத்தீர்களா என்பதை உரையில் எழுதுங்கள்.

கேள்வியாளர்: நீர்முள்ளி

மிக்க நன்றி. வேலைக்குச் செல்லுபடியாகுமா என்பது மட்டும் பாக்கி.

பதில்: ஏரிக்கரை

யுஜிசியின் 2018 நியமன விதிகளில், கியூஎஸ், டைம்ஸ் உயர்கல்வி, ஷாங்காய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு உலகத் தரவரிசையில் எப்போதாவது முதல் 500க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி.க்கு நெட் தேவையில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே தரவரிசையைப் பாருங்கள். பட்டச் சான்றிதழில் பொதுவாக எந்த வழியில் வாங்கினீர்கள் என்று இருக்காது. ஆனால் வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ளதற்குச் சமம் என்னும் சமானச் சான்று கேட்கும்போது பதிவுக் காலம் ஒரு வருடமோ அதற்கும் குறைவோதான் என்பது கண்ணில் படும். பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியிடமும் சமானச் சான்று தரும் அமைப்பிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.