நாலு நோடு சேர்ந்தும் ஒரு நோடைவிட மெதுவாக ஓடுகிறது

கோவையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நாலு நோடு (தனித்தனி கம்ப்யூட்டர்) சேர்ந்த கிளஸ்டர். நோடுக்கு இரண்டு ஸியான் கோல்டு 6248 பிராசஸர், அதாவது 40 கோர். இணைப்பு சாதாரண கிகாபிட் ஈதர்நெட். காற்று, நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம் மென்பொருளில் 1.2 கோடி செல் மெஷ் (கணக்கிடும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலை).

ஜனவரியில் நிறுவியதிலிருந்தே இதே கதைதான். ஒரு நோடில் ஒழுங்காக ஓடுகிறது; நாலையும் சேர்த்தால் படுத்துவிடுகிறது. டாப் கமாண்டில் பார்த்தால் எல்லாக் கோரும் 100% காட்டுகிறது, லாக்கில் அடுத்த டைம்ஸ்டெப் (கணக்கின் அடுத்த நேரப் படி) மட்டும் லேசில் வருவதில்லை.

நோடுகள் தங்களுக்குள் தகவல் பரிமாற உதவும் ஓபன் எம்பிஐயை மறுபடி கம்பைல் செய்தோம், ஸ்காட்ச் முறையில் மெஷ்ஷைக் கோர்களுக்குப் பிரித்தோம், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தோம், ரிசல்ட்டை லோக்கல் டிஸ்கில் எழுதினோம். பலனில்லை.

மெயின்ஃப்ரேம் வாங்கலாமே என்கிறார் ஒருவர். அது வங்கிக் கணக்கு வழக்குக்குச் சரி, இதற்கு எதற்கு? திருச்சி என்ஐடியின் பரம் பொருள் சூப்பர்கம்ப்யூட்டரில் நேரம் கேட்கலாம்தான், ஆனால் எங்களுக்குத் தினசரி ரன் வேண்டும்.

இந்த நோடுகளுக்கே இன்ஃபினிபேண்டு (ஈதர்நெட்டுக்குப் பதிலான அதிவேக இணைப்பு) போடுவதா, 128 கோர் உள்ள ஒரே பெரிய மெஷினாக வாங்குவதா?