மறுமொழி: அறுந்த காதைத் தைப்பதற்கு ஒரு சொல்

> ‘காதுமடல் ஒட்டு அறுவை’ என்றே வைத்துவிடலாமே. ஊரெங்கும் பலகையில் அப்படித்தானே இருக்கிறது?

ஐயா, பலகையில் இருப்பது வேறு வேலை. ‘தையல் இல்லாமல் காது ஒட்டப்படும்’ என்று எங்கள் செங்கோட்டைப் பக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டையின் உள்விளிம்பில் அமிலம் தடவிப் புண்ணாக்கி, ஆறும்போது சேர்ந்துகொள்ளட்டும் என்று விடுவது அது. நம் மருத்துவச் சொற்பட்டியலுக்காக நாம் பெயர் தேடுவது, அறுந்த காதைக் கத்தியும் நூலும் கொண்டு சேர்க்கும் வேலைக்கு. மேலும், ‘ஒட்டு’ என்ற சொல்லை இதே துறையில் தோல் ஒட்டுக்குக் கொடுத்தாயிற்று. அங்கே ஓரிடத்துத் தோல் இன்னோரிடத்துக்குப் போகிறது. இங்கே எங்கிருந்தும் எதுவும் வருவதில்லை.

‘மடல்’ என்பதும் இடிக்கிறது. குருத்தெலும்போடு கூடிய வெளிக்காது முழுவதும் மடல்தான். அறுவது அடியில் தொங்கும் சதை மட்டும். வெறும் தோலும் கொழுப்பும். அதற்குச் ‘சோணை’ என்று பெயர் இருக்கிறது. சோணை என்றால் சாமி பெயர் அல்லவா என்று ஒருவர் சிரித்திருந்தார். சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

> சுசுருதர் அன்றே சொன்ன ‘கர்ண சந்தானம்’ இருக்க, புதுச்சொல் எதற்கு?

வடமொழியில் அதற்குக் காதைச் சேர்த்தல் என்று பொருள். அறுந்த காதைச் சேர்க்க, அந்தப் பழங்கால மருத்துவர் பெயரிலுள்ள ‘சுசுருத சங்கிதை’ 15 முறைகள் சொல்கிறது, பெருமைதான். ஆனால் நம்மவரிடம் சந்தானம் என்றால், காதுக்கா பிள்ளை பிறந்தது என்பார்கள்.

சென்ற ஆண்டு சித்தியைக் கேரளத்துப் புனலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பேரன் கம்மலைப் பிடித்து இழுத்ததில் அறுந்த காது. பிளவின் இரு பக்கமும் தனித்தனியே ஆறி, வழவழவென்று தோல் மூடியிருந்தது. மருத்துவர் மரப்பு ஊசி போட்டுவிட்டு, முதலில் அந்த வழவழப்பை இரு பக்கமும் சீவி எடுத்தார். சிவப்புத் தெரிந்த பிறகே தைக்கத் தொடங்கினார். ஆறிய தோலோடு ஆறிய தோலை எத்தனை நாள் அணைத்து வைத்தாலும் சேராதாம். நேர்கோடாகத் தைத்தால் வடு சுருங்கி அடிவிளிம்பில் பள்ளம் விழும் என்பதால், அந்த இடத்தில் மட்டும் கோணலாக வெட்டித் தைத்தார். ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். மறுபடி குத்துவது மூன்று மாதம் கழித்து, அதுவும் வடுவை விட்டு விலகி.

அங்கே செவிலியர் தையலைத் ‘துன்னல்’ என்றார். சிலப்பதிகாரத்தின் ‘துன்னகாரர்’, அதாவது தையற்காரர், மலையாளத்தில் இன்னும் உயிரோடிருக்கிறார்! அதையே எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊரிலேயே சித்திக்கு நான் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. பொருள் சொன்னதும் சித்தி, “சாரம் மூட்டுவது மாதிரியா?” என்று கேட்டார்.

எனக்கு அதுதான் சொல்லாகப் பட்டது. சாரம் எனும் கைலியின் இரு தலைப்பையும் சேர்த்துத் தைப்பதை மூட்டுவது என்கிறோம். பாயின் விளிம்பையும் மூட்டுகிறோம். பிரிந்து கிடக்கும் இரண்டு ஓரத்தை நூலால் ஒன்றாக்குவது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘மூட்டு’ என்று நிறுத்தினால் முழங்கால் நினைவு வரும். ஆகவே ‘சோணை மூட்டல்’ என்பது என் முன்மொழிவு.

> பாம்படம் போட்டு வளர்த்த காதைச் சிறிதாக்குவதும் இதில் அடங்குமா?

அடங்காது அம்மா. என் ஆச்சி களையெடுக்கக் குனியும்போது, பாம்படம் கழற்றிய காதைத் தூக்கி மேல்விளிம்பில் மாட்டிக்கொள்வார். அந்தக் காதில் அறுந்தது எதுவும் இல்லை, மிஞ்சியதுதான் உண்டு. மிஞ்சியதை வெட்டிக் கழித்து, இருப்பதை உருட்டிச் சோணையாக்க வேண்டும். நீண்டு தொங்கும் காதுக்கு ‘வடிகாது’ என்ற பழஞ்சொல் இருப்பதால், அதை ‘வடிகாதுக் குறைப்பு’ என்று தனிப்பதிவாக வைக்கலாம். அறுந்துபோகாமல் ஓட்டை மட்டும் நீண்டுபோன காதை எந்தப் பதிவில் சேர்ப்பது என்று மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள். அதையும் பெரும்பாலும் கீழே வெட்டித் திறந்துதான் மூட்டுகிறார்கள் என்பதால், முதல் பதிவிலேயே சேர்க்க நினைக்கிறேன்.