வூர்ட்ஸ்பர்க் ஆயர் மாளிகை: 1945 படங்கள் கிடைக்குமா?

ஜெர்மனியில் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி. எங்கள் பங்கு இதழுக்காக வூர்ட்ஸ்பர்க் ரெசிடென்ஸ் பற்றி எழுதுகிறேன். மலைக்கோட்டையில் இருந்த ஆயர்கள் ஊருக்குள் குடிவர 1720இல் தொடங்கிய மாளிகை. அந்த ஊரையும் சுற்றியுள்ள பகுதியையும் அவர்களே ஆண்டார்கள்.

1945 மார்ச் 16 குண்டுவீச்சில் கூரை எரிந்துபோனது. ஆனால் கட்டடக் கலைஞர் பால்தசார் நொய்மான் நடுவில் தூணே இல்லாமல் எழுப்பிய படிக்கட்டு மண்டபத்தின் கல் வளைவு நின்றுவிட்டது! அதன் உட்பக்கத்தில் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ 1752-53இல் தீட்டிய நான்கு கண்டங்களின் ஓவியங்களும், ஆசியாவின் யானை உட்பட, தப்பின. அப்புறம் மழையில் ஓவியம் கெடாமல் இருக்கத் தற்காலிகக் கூரை போட வைத்தவர் ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி. அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்தத் தற்காலிகக் கூரையின் படம்தான் எனக்கு வேண்டும். எந்த ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்? அச்சிட அனுமதி யார் தருவார்கள்? ஜெர்மன் தெரிந்த யாராவது ஒரு கடிதம் எழுதித் தந்தால் பெரிய உதவி.