சின்ன மெஸ்ஸில் எந்தப் பருவத்தில் எதைக் கேட்டுச் சாப்பிடலாம்? நாலு ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

மதுரை:
நாலு மேசை, ஒரே சமையற்கட்டு உள்ள மெஸ்ஸில் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்லாதீர்கள். "இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகு, அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் அயிரை மீன். குடலோடு முழுசாகக் குழம்பில் விழுகிற மீன் என்பதால் வயிற்று மண் போகாவிட்டால் பல்லில் நறநறக்கும். உயிரோடு வாங்கித் தேங்காய்ப்பாலில் அரை மணி நேரம் விட்டால் பாலைக் குடித்து மண்ணைக் கக்கிவிடும். செத்த மீனுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, வாங்கும்போதே துள்ளணும். பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி, வழுவழுப்பும் நுரையும் நிற்கிற வரை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவணும். குழம்பு தனியே கொதித்து எண்ணெய் மிதந்த பிறகுதான் மீன் உள்ளே போகும், ஐந்து நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிண்டினால் கரைந்துவிடும், சட்டியைத் துணியால் பிடித்து அசைத்து விடணும். கிண்ணத்தில் தலை வேறு வால் வேறாக வந்தால் யாரோ கரண்டி போட்டிருக்கிறார்கள்.

நாகப்பட்டினம்:
கடல் மீனுக்கும் கணக்கு இருக்கு அண்ணே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்த நாளில் நாட்டுப்படகு கரையோரத்தில் பிடித்து வருவதுதான் அன்றைக்கு வந்த மீன். நெத்திலி, சாளை, நண்டு இருந்தால் யோசிக்காமல் கேட்கலாம். மே மாதம் கனமான வஞ்சிரம் துண்டு வறுத்து வைத்திருந்தால் அது மேற்குக் கரையிலிருந்து வந்ததாகவோ ஐஸில் கிடந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ரொம்ப நாள் ஐஸில் இருந்த மீன் கல்லில் தண்ணீர் விடும், அதனால் மசாலா பிடிக்காமல் உரிந்து எண்ணெயில் கருகும். நல்ல மீன் விரல் வைத்ததும் ஏடு ஏடாகப் பிரியும், பழசு மாவாக உதிரும்.

கிருஷ்ணகிரி:
சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மார்கழி, தை. எங்கள் பக்கம் பிதுக்குப் பருப்புக் குழம்பு இல்லாத மெஸ் அந்த மாதத்தில் மெஸ்ஸே இல்லை. பனி விழுந்த மொச்சை அவரைக்காயை உரித்தால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், அந்த வாசனைதான் குழம்புக்கு வருவது. கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் பச்சைப் பருப்பு தெறித்து வரும். பத்துப் பேர் சாப்பாட்டுக்கே இரண்டு பேர் உட்கார்ந்து பிதுக்கணும். மதியம் ஒன்றரைக்குள் தீர்ந்துபோவது அதனால்தான், கடைக்காரரைக் கோபிக்காதீர்கள். குக்கரில் வைத்தால் குழைந்து கூழாகிவிடும், திறந்த பாத்திரத்தில்தான் வேகணும். பருப்பு வெந்த பிறகே புளி ஊற்றணும், முன்னாடி ஊற்றினால் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். வருஷம் முழுக்கக் கிடைத்தால் அது காய்ந்த மொச்சை. மோசமில்லை, ஆனால் அந்தப் பச்சை மணம் வராது.

தஞ்சாவூர்:
சித்திரையில் வேப்பம்பூ ரசம் கேட்டுப் பாருங்கள். பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு மேலே போட்டிருக்கணும். கூடவே கொதித்திருந்தால் ரசம் முழுக்கக் கசக்கும்.

மதுரை:
நேரத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. காலை பத்து மணிக்குப் போன் செய்தால் சந்தையிலிருந்து என்ன வந்தது என்று தெரிந்திருக்கும், ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்லலாம். எடுத்துவைக்கச் சொன்னால் கட்டாயம் போய்விடுங்கள். அயிரைக் குழம்பு சாயங்காலம் வரை தாங்கும், ஆனால் மறுபடி சூடாக்கினால் மீன் இருக்காது.